பூஜ்யமாகிப் போன மேல்காற்று

போன வாரம் ஒரு பழைய வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு எங்கள் சாரம் பகுதியில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். கையால் எழுதிய ரசீது. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள், பிறகு என்னிடம் திரும்பி, "மேடம், இது ஓவா, ஜீரோவா?" என்று கேட்டாள். எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டாள்! "தெரியலம்மா. நல்லா விசாரிச்சிட்டுப் போடு, அவசரமே இல்ல," என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள். அவர்களுக்கு அவசரம் இருந்தது. அந்தக் கேள்வியை நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் ஒருவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையில் புது மானிட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். தெர்மாகோல் வாசனை. எனக்கு அந்த வாசனை என்றாலே கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தின் மாடியறை ஞாபகம் வரும். ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய பிரெஞ்சு வீடு ஒன்றின் மாடியில் நான்கு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு இயக்குநர். ஊரின் காற்றை அளப்பதுதான் எங்கள் வேலை. எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது, எவ்வளவு வேகம், அதில் எவ்வளவு புகை என்று பார்ப்பது. எழுபதுகளின் கடைசியில் கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். அப்பா மில் தொழிலாளி. "காத்த அளக்குறதுக்கு ஒரு ஆபீஸா?" என்று சிரித்துவிட்டு, அப்புறம் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அளந்ததைக் கணக்குப் போடும் புரோகிராமை ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி எழுதிக் கொடுத்திருந்தார். அது மெட்ராஸில் ஓர் அறை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த பெரிய கம்ப்யூட்டரில்தான் ஓடும். புரோகிராம் என்பது அப்போது கையால் தூக்கிப் போகிற சாமான். துளை போட்ட அட்டைகள், ஒரு செருப்புப் பெட்டி நிறைய. மாதம் ஒரு முறை அதையும் காற்றளவு நோட்டையும் பஸ்ஸில் எடுத்துப் போவது என் பொறுப்பு. ஒரு தடவை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பெட்டி கவிழ்ந்து அட்டையெல்லாம் தரையில் பரவிவிட்டது. கண்டக்டர் குனிந்து பொறுக்கிக் கொடுத்தபடி, "இன்னாம்மா இது, இவ்ளோ பெரிய சீட்டுக் கட்டு?" என்றார். மெட்ராஸ் போய் அத்தனையையும் வரிசைப்படுத்துவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கே அட்டை துளைக்கும் அம்மாளுக்கு அந்த விஞ்ஞானி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். நோட்டைக் கொடுத்தால் போதும், அந்த அம்மாளே பார்த்துக்கொள்வார். அதனால் நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

விஞ்ஞானி தம் நாட்டுக்குத் திரும்பினார். மெட்ராஸ் மிஷினில் எங்களுக்கு ஒதுக்கிய நேரமும் நின்றது. அதற்குப் பதிலாகத்தான், எண்பதுகளின் நடுவில், தெர்மாகோல் வாசனையோடு அந்தச் சின்ன கம்ப்யூட்டர் வந்தது. அதன் மெமரி மொத்தம் அறுபத்து நான்கு கே. இன்றைக்குக் காலையில் உங்கள் போனுக்கு வந்த குட்மார்னிங் படம் அதற்குள் நுழையாது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பெரிய புரோகிராம இதுக்குள்ள கொண்டாந்துடும்மா," என்றார். யானையைக் குதிருக்குள் இறக்கச் சொல்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே கர்வம்.

ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருந்ததை பேசிக் என்ற இன்னொரு மொழிக்கு மாற்றி எழுத வேண்டும். ஐந்து மாதம் ஆயிற்று. பெரிய பட்டியல்களைச் சுருக்கினேன். நீளமான பெயர்களை ஒற்றை எழுத்தாக்கினேன். ஒரு மாதக் கணக்கைப் பத்துப் பத்து நாளாக வெட்டி ஃப்ளாப்பியில் வைத்தேன். அப்படியும் கடைசியில் கொஞ்சம் இடம் போதவில்லை. அப்போதுதான் குறிப்பு வரிகள் கண்ணில் பட்டன. புரோகிராமுக்கு நடுவே, படிக்கிற மனுஷருக்காக எழுதி வைக்கிற வரிகள் அவை. மிஷின் அவற்றைச் சட்டை செய்யாது, ஆனால் அந்தச் சின்ன மிஷினில் அவையும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் பிரெஞ்சில் இருந்தன. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ழூர், மெர்சி, அப்புறம் எங்கள் பக்கத்து சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்கள், குடித்துவிட்டுச் சொல்லும் இரண்டு வசவு. அவ்வளவுதான். நாற்பது வரியையும் படிக்காமல் எடுத்துவிட்டேன். புரோகிராம் அளவாக உள்ளே போய் உட்கார்ந்தது. களை பிடுங்கியவள் மாதிரி கையைத் தட்டிக்கொண்டேன்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. மெட்ராஸில் ஏற்கெனவே கணக்குப் போட்ட ஒரு மாதத்தை எடுத்து இதில் போட்டுப் பார்த்தேன். ஐப்பசி மாதம் கையில் கிடைத்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இடம் வரைக்கும் ஒத்துப்போயிற்று. இயக்குநர் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு காற்று என்பதை ஒரு பூவின் இதழ்கள் போலப் படமாக அச்சிடுவோம், அதற்கு ரோஜா என்றே பெயர். நட்சத்திரக் குறிகளால் ஆன அந்த ரோஜாவை அவர் சுவரில் ஒட்டி வைத்தார். ஐப்பசியில் வாடைக்காற்றுதானே? வடக்கும் கிழக்கும் செழித்திருந்தன.

இனிமேல் எங்கள் தெருவுக்கு வர வேண்டும். சாரத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு இஸ்மாயில் பாயுடையது. மெத்தை தைப்பவர். விடிந்ததும் அவர் பஞ்சு அடிக்கும் வில்லின் 'டொய்ங், டொய்ங்' சத்தம் ஆரம்பித்துவிடும். எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைத்ததில்லை. இலவம்பஞ்சு பறந்து வந்து எங்கள் வீட்டு இட்லி மாவில் ஒட்டுகிறது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டே அவர் மனைவி ஜமீலா அக்காவுக்கு இட்லி கொடுத்தனுப்புவாள். அவர்களுக்கு ஒரே மகள், நூர், ஒன்பது வயது. வாயாடி. என்னை "காத்தக்கா" என்றுதான் கூப்பிடுவாள்.

நூருக்கு இழுப்பு வந்தது. அந்த வருஷம் சித்திரையில் ஆரம்பித்து விடாமல் படுத்தியது. அதுவும் காலையில்தான் அதிகம். மேற்கே, எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் பக்கம், ஒரு ஆலையின் புகைபோக்கி இருந்தது. ஆலையின் பெயர் வேண்டாம், இன்றைக்கு அது இல்லவும் இல்லை. காலையில் மேல்காற்று வீசும்போது கருகிய ரப்பர் போல ஒரு நெடி தெருவுக்குள் இறங்கும். மதியம் கடல்காற்று ஏறியதும் போய்விடும். பாயும் தெருக்காரர்களும் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். கமிட்டி போட்டார்கள். அந்தப் பகுதியின் காற்றுக் கணக்கை எங்கள் ஆய்வுக்கூடத்திடம் கேட்டார்கள். வைகாசி, ஆனி இரண்டு மாதம். என் சின்ன மிஷினுக்கு முதல் பெரிய வேலை.

அந்தப் பக்கத்துக் காற்றை எங்களுக்காக அளந்து எழுதியவர் அந்துவான் முசியே. அவரும் சொல்தாதான். ராணுவத்திலேயே வானிலை பார்க்கக் கற்றவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, என்னைக் கண்டால் "மம்செல்" என்று ஒரு சலாம். ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில் எங்கள் கருவிக் கம்பம் நின்றது. தினம் பலமுறை மாடியேறி, திசையையும் வேகத்தையும் இடைவெளி விடாமல் சேர்த்து நோட்டில் எழுதுவார். E8 என்றால் கிழக்கு, எட்டு. S12 என்றால் தெற்கு, பன்னிரண்டு. அவர் நோட்டைப் பார்த்து நானே தட்டச்சு செய்தேன். பக்கத்துக்குப் பக்கம் காலை நேரக் குறிப்புகளில் வெறும் 09, 011, 07 என்று இருந்தது. வேகம் இருக்கிறது, திசை இல்லை. சொல்தாதானே, முந்தின நாள் போட்டது காலையில் தெளிந்திருக்காது, திசையை எழுத மறந்துவிட்டார் என்று நானாகவே முடிவு கட்டினேன். திசை இல்லாத பதிவைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடும்படி புரோகிராமில் எழுதினேன். அது ஒவ்வொன்றாகத் தள்ளியது. அவர் குடிக்கவே மாட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

ரோஜா அச்சாகி வந்தது. மேற்குப் பக்கம் இதழே இல்லை. நான் தினமும் காலையில் எழுந்து மேற்கு ஜன்னலைப் புகைக்காக அடைத்துவிட்டு வேலைக்குப் போகிறவள். அதே நான் அந்தத் தாளைப் பார்த்து, 'அட, மேல்காற்று நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை போலிருக்கிறதே' என்று நினைத்தேன். இதை எழுதும்போது என்னை நானே ஓர் அறை விடலாம் என்றிருக்கிறது.

கமிட்டி ஒருநாள் மூன்று மணிக்குத் தெருவுக்கு வந்தது. கடல்காற்று நன்றாக ஏறியிருந்த நேரம். புகைபோக்கியின் புகை மேற்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பாய் வீட்டு வாசலில் பஞ்சுக் குவியல். ஓர் அதிகாரி சட்டைக் கையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, "கணக்குப்படி அந்தப் பக்கத்திலேருந்து காத்தே வரல. நீங்க புகைய ஏன் தேடிட்டிருக்கீங்க? கொழந்தைக்கு ஆகாதது வீட்டுலயே இருக்கே," என்றார்.

ஜமீலா அக்கா கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துவிட்டார். "நீ சொல்லும்மா. நீதான அங்க வேல செய்ற?"

"காத்து அந்தப் பக்கத்துலேருந்து இல்லன்னுதான் வந்திருக்குக்கா."

"தெனம் எங்க மூஞ்சில அடிக்கிற காத்து ஒன் மிஷினுக்குத் தெரியாதா?"

"மிஷின் பொய் சொல்லாதுக்கா," என்றேன். தெரு முழுக்கக் கேட்டது.

பாய் கையில் வில்லோடு நின்றிருந்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். "சரி வுடு ஜமீலா. படிச்ச புள்ள சொல்லுது," என்றார். அடுத்த நாள் காலையில் வில் சத்தம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இருந்த பஞ்சையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, வீட்டைத் தரை முதல் ஓடு வரை கழுவினார். ஆவணி, புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் நூருக்கு இழுப்பு நின்றேவிட்டது. பாய் எங்கள் அப்பாவிடம் வந்து, "என் கையாலயே எம்மவ மூச்ச அடைச்சிட்டிருந்தேங்க, தெரியாமப் போச்சு," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐப்பசியில் காற்று மாறிவிடும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. என் புரோகிராமைச் சரி என்று காட்டியதும் அதே ஐப்பசிதான். வேறு வேலை தேடி அவர்கள் மாசி மாதம் ஜமீலா அக்காவின் ஊரான கடலூருக்குக் குடிபோனார்கள். நூர் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து "காத்தக்கா, டாட்டா" என்று கத்தினாள்.

அடுத்த ஆனியில் அந்துவான் முசியே புது நோட்டு வாங்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சுவரில் போன வருஷம் கமிட்டிக்காக அச்சிட்ட ரோஜா தொங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மம்செல், என் உவெஸ்த் எங்க?"

"இன்னா முசியே?"

"உவெஸ்த். மேக்கு. காலைல காலைல மாடில நின்னு மூஞ்சியக் குடுத்து எழுதினேனே, அத எங்க போட்டீங்க?"

பழைய நோட்டை எடுத்து விரித்து விரல் வைத்துக் காட்டினார். 09. அது சுழி இல்லை. ஓ. மேற்குக்கு பிரெஞ்சில் உவெஸ்த், அதன் முதல் எழுத்து ஓ. ஓ ஒன்பது என்றால் மேற்கு, வேகம் ஒன்பது. என் கண்ணுக்குப் பட்டது வெறும் பூஜ்யம். வடமேற்கை NO என்று எழுதியிருந்தார், NO9 என் கண்ணில் N09 ஆகி வடக்காகிவிட்டது. தென்மேற்கு தெற்காகிவிட்டது. நேர் மேற்கு, ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

மெட்ராஸ் காலத்துப் பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். நான் பிடுங்கிப் போட்ட நாற்பது வரியையும் அவரைப் படிக்கச் சொன்னேன். ஏழாவதோ எட்டாவதோ வரியில் நின்றார். "கவனம். இங்க வர்றது ஓ எழுத்து, சுழி இல்ல. உவெஸ்த்னு அர்த்தம்," என்று தமிழில் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு சலாம் வைக்கவில்லை.

திருத்தி மறுபடி ஓட்டினேன். காலை நேர ரோஜாவில் மேற்கு இதழ் தாளின் ஓரம் வரைக்கும் நீண்டிருந்தது. எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கமிட்டி கலைஞ்சு போச்சும்மா. இப்ப நாமளே போயி தப்புன்னு சொன்னா, இதுவரைக்கும் குடுத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. அடுத்த அறிக்கைல சேத்துடலாம். ஒனக்கும் நிரந்தரம் பண்ற நேரம்." நான் தலையாட்டினேன். யாரும் என்னை மிரட்டவில்லை, கையைப் பிடித்து முறுக்கவில்லை. வேலை நிரந்தரமாக வேண்டும் என்று நானே ஆட்டிய தலை அது. அடுத்த அறிக்கையில் மேற்கு வந்தது, பழையது தவறு என்ற வரி மட்டும் வரவில்லை. கடலூர் என்ன கண்காணாத சீமையா? விசாரித்தால் ஒரே நாளில் பாய் வீட்டைக் கண்டுபிடித்திருக்கலாம். நான் விசாரிக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்துப் பெரிய மார்க்கெட்டில் ஜமீலா அக்காவே எதிரே வந்துவிட்டார். ஏதோ கல்யாணத்துக்கு வந்தாராம். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நூர் நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள். பாய் ஒரு பாத்திரக் கடையில் நிற்கிறார். சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. "அந்தக் கையி ஒரு எடத்துல சும்மா இருக்காதும்மா. தூக்கத்துல கூட வில்ல இழுக்குற மாதிரி ஆட்டுவாரு," என்று சிரித்தார்.

என்னால் முடியவில்லை. மீன் கூடைகளுக்கும் சத்தத்துக்கும் நடுவே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓ, பூஜ்யம், மேல்காற்று, நான் படிக்காமல் எடுத்த வரி. அக்காவுக்குப் பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்துவிட்டது.

"அப்ப பஞ்சு இல்லியா?"

"இல்லக்கா. பொகைதான்."

என் கையை விட்டுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"அவுருகிட்ட சொல்லிடாத," என்றார். "மவளுக்காகத் தொழில வுட்டேன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்காரு. அத வச்சித்தான் அந்தக் கடைல நிக்கிறாரு. அதையும் நீ புடுங்கிட்டா, அப்புறம் அவருக்கு இன்னா இருக்கு?"

கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் சொல்லவில்லை. பாய் இருந்த வரைக்கும் சொல்லவில்லை.

அந்தச் சின்ன கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டார்கள். திருத்திய ரோஜா இருக்கும் ஃப்ளாப்பி என் பீரோவில் கிடக்கிறது, அதைத் திறந்து பார்க்க ஊரில் எங்கும் மிஷின் இல்லை. பள்ளிக்கூட மாடியில் கம்பம் இல்லை. அந்துவான் முசியே இல்லை, அவருடைய நோட்டுகளைக் கரையான் தின்றது. ஆலையும் புகைபோக்கியும் போய், அந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். எங்கள் தெருவில் எல்லாரும் ஃபோம் மெத்தையில் படுக்கிறார்கள். ஆனி மாதம் பிறந்துவிட்டது. இன்று காலையிலும் மேல்காற்று வந்தது, நெடி எதுவும் இல்லாமல், சுத்தமாக. மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டிலிருந்து வில் சத்தம் வரவில்லை.